கரைந்துபோன பற்களுக்கு கேப்பா, காம்போசிட்டா, செராமிக்கா?

"டாக்டர், பல்லெல்லாம் கரைஞ்சு கட்டையா போச்சு. எல்லாத்துக்கும் கேப் போடணும்னு சொல்றாங்க. போட்டுரலாமா?" செலவுக் கணக்கு எழுதிய சீட்டோடு வந்து இப்படிக் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, கொஞ்சம் பொறுங்கள் என்பதுதான். சொத்தை விழுந்த பல்லுக்கும் அமிலத்தால் கரைந்த பல்லுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. கரைந்த பல் ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டது. அதைச் சரிசெய்கிறோம் என்று மிச்சம் இருப்பதையும் செதுக்கினால் இழப்பு இன்னும் பெரிதாகும். இன்று கையில் இருக்கும் பொருட்களையும் பசைகளையும் கொண்டு, பெரும்பாலானவர்களுக்கு, பல்லை வெட்டாமலே போன பகுதியை மட்டும் சேர்த்துக் கட்டிவிடலாம். எதைக் கொண்டு கட்டுவது, யாருக்கு எது பொருந்தும், எதில் என்ன தொல்லை வரும் என்பதை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்க இந்தக் கட்டுரை உதவும் என்று நம்புகிறேன்.

கரைந்த பல்லை எப்படி அடையாளம் காண்பது

அமிலத்தால் பல் இப்படிக் கரைவதைத்தான் பல் அரிப்பு என்கிறோம், இதில் கிருமிக்கு வேலை இல்லை. அமிலம் நேராகப் பல்லின் மேலுறையான எனாமலில் பட்டு, அதிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்துக்கொண்டு போகிறது. வாயின் பிஹெச் (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் அளவு) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும். கோலா பானங்களின் பிஹெச் 2.5 அளவில் இருக்கும். எலுமிச்சைச் சாறும் கிட்டத்தட்ட அப்படித்தான். இரைப்பையிலிருந்து எதுக்களித்து வரும் அமிலம் இவற்றைவிடவும் காட்டமானது.

சிறிய கண்ணாடி ஒன்றை வாய்க்குள் வைத்து மேல் முன்பற்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஆரோக்கியமான பல்லில் அங்கே மேடும் பள்ளமும் இருக்கும். கரைந்த பல்லில் அவை மறைந்து, மொத்தமும் வழுவழுவென்று சப்பையாகியிருக்கும். நடுவில், எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கு மஞ்சளாகத் தெரியும். ஈறை ஒட்டி மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடாக எனாமல் மிஞ்சியிருக்கும். பல்லின் நுனி மெலிந்து, வெளிச்சத்தில் சாம்பல் நிறமாக ஊடுருவித் தெரியும். அந்த நுனிதான் பிறகு பொடிப்பொடியாக உடையும். கடைவாய்ப் பற்களின் முகடுகளில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருக்கும். பழைய வெள்ளி அடைப்பு ஏதாவது இருந்தால் அது மட்டும் தீவு மாதிரி உயர்ந்து நிற்கும். அடைப்பு வளரவில்லை, சுற்றியிருந்த பல் கரைந்து தாழ்ந்துவிட்டது.

எந்தப் பக்கம் கரைந்திருக்கிறது என்பதே காரணத்தை ஓரளவு காட்டிக் கொடுக்கும். மேல் முன்பற்களின் உட்பக்கம் அதிகம் கரைந்திருந்தால் வயிற்று அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். நாள்பட்ட நெஞ்செரிச்சல், அடிக்கடி வாந்தி, சாப்பிட்டதை வலிய வாந்தியெடுக்கும் மனநலச் சிக்கல் ஆகிய மூன்றில் ஒன்று பின்னணியில் இருக்கக்கூடும். கடைசியாகச் சொன்னதை யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை. மருத்துவர்தான் குற்றம்சாட்டும் தொனி இல்லாமல் கேட்க வேண்டும். முன்பற்களின் வெளிப்பக்கம் கரைந்திருந்தால் குடிக்கிற, சப்புகிற பொருட்கள் பக்கம் பார்வையைத் திருப்பலாம். எடை குறைய வேண்டும் என்று தினமும் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோ ஆப்பிள் சிடர் வினிகரோ குடிப்பது, வேலை நேரம் முழுக்க குளிர்பானத்தை மடக்கு மடக்காக உறிஞ்சுவது எல்லாம் இதில் சேரும். பேட்டரி தொழிற்சாலைகளில் அமிலப் புகை நடுவே வேலை பார்ப்பவர்களுக்கும் முன்பற்கள் இப்படிக் கரைவது உண்டு.

அமிலம் பட்டு மென்மையான பல்லை உமிக்கரி, சாம்பல், சொரசொரப்பான பல்பொடி கொண்டு தேய்த்தால் தேய்மானம் வேகம் பிடிக்கும். நம் ஊரில் அரிப்பும் தேய்ப்பும் சேர்ந்தே வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் அமிலம், பிறகுதான் பல்

எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. அமிலம் நிற்காத வாயில் எவ்வளவு விலையுள்ள செராமிக் ஒட்டினாலும் செராமிக் நிற்கும், அதன் விளிம்பில் இருக்கும் பல் கரைந்துகொண்டே போகும். நெஞ்செரிச்சல் என்றால் இரைப்பைக் குடல் மருத்துவரைப் பாருங்கள். புளிப்பு பானங்களைச் சாப்பாட்டு நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாந்தி வந்தாலோ எதுக்களித்தாலோ உடனே பிரஷ் எடுக்காமல் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். ஃபுளோரைடு பற்பசைகளில் ஸ்டானஸ் ஃபுளோரைடு கலந்த வகை அரிப்புக்கு எதிராகக் கூடுதலாக உதவும்.

"பல் கரைஞ்சிருக்கு, ஆனா வலியோ கூச்சமோ இல்ல, அழகைப் பத்தியும் எனக்குக் கவலை இல்ல" என்பவருக்கு எதுவும் கட்டாமல் கவனித்து வருவதும் முறையான தேர்வுதான். கடுமையான பல் தேய்மானம் பற்றி ஐரோப்பிய நிபுணர்கள் 2017-இல் வெளியிட்ட கூட்டு அறிக்கையும் இந்த வழிதான் போகிறது: கட்டும் வேலையை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள், கட்டியே ஆக வேண்டும் என்றால் பல்லைக் குறைவாகத் தொடும் முறையைத் தேர்ந்தெடுங்கள். கவனிப்பது என்றால் சும்மா விட்டுவிடுவது ஆகாது. புகைப்படமும் அச்சும் எடுத்து வைத்து, ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் கழித்து ஒப்பிட்டு, கரைவது நின்றதா தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். 2008-இல் வந்த பீவீ என்ற அளவுகோல் இதற்கு உதவும். வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மோசமான பல்லுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 14 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் நிலை என்று பொருள்.

இடம் எங்கே இருக்கிறது?

பல் கரைந்து குட்டையானால் மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவே இடைவெளி வர வேண்டும் அல்லவா? பெரும்பாலும் வராது. கரையக் கரைய பல் எலும்போடு சேர்ந்து மெல்ல வெளியே வளர்ந்து எதிர்ப்பல்லைத் தொட்டுவிடும். அதனால் கரைந்த இடத்தில் புதிய பொருளை வைக்க இடமே இருக்காது. பழைய பாணியில் இதற்கு ஒரே வழி, பல்லை இன்னும் வெட்டி இடம் உண்டாக்குவது. குட்டையான பல்லில் கேப் பிடித்து நிற்காது என்பதால் ரூட் கேனால் செய்து, உள்ளே போஸ்ட் என்ற தண்டை வைத்து, சில சமயம் ஈறையும் எலும்பையும் குறைத்து, அதன் மேல் கேப் போடுவார்கள். உயிரோடு இருக்கும் ஒரு பல்லை, கேப்புக்குப் பிடிமானம் வேண்டும் என்பதற்காக மட்டும் நரம்பை எடுத்துச் சாகடிக்க வேண்டியிருக்கும். என்னால் இதை மனதார ஏற்க முடியவில்லை.

மாற்று வழி ஐம்பது வருடமாக இருக்கிறது. 1975-இல் நார்வேயில் டால் என்பவரும் அவரது சகாக்களும், தேய்ந்த மேல் முன்பற்களின் உட்பக்கத்தில் கழற்றி மாட்டும் உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். வாயை மூடினால் முன்பற்கள் மட்டும் தகட்டில் படும், கடைவாய்ப் பற்கள் தொடாமல் விலகி நிற்கும். சில மாதங்களில் கடைவாய்ப் பற்கள் வளர்ந்து, முன்பற்கள் சற்றே எலும்புக்குள் தள்ளப்பட்டு, எல்லாம் மறுபடி சேர்ந்தன. தகட்டை எடுத்ததும் முன்பற்களில் இடம் கிடைத்தது. இன்று தகடு தேவையில்லை. காம்போசிட் என்ற பல் நிறப் பிசினையே உயரமாக ஒட்டி அதே விளைவைப் பெறுகிறோம். முதல் சில வாரங்கள் கடைவாய்ப் பல்லில் மெல்ல முடியாமல் சிரமப்படுவீர்கள், சிலருக்கு உச்சரிப்பு குழறும். முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலோர் சமாளித்துவிடுகிறார்கள்.

வாய் முழுவதும் கரைந்திருந்தால் இது மட்டும் போதாது. கடைவாய்ப் பற்களின் மேலும் பொருள் சேர்த்து, மொத்தக் கடியையும், அதாவது மேல் பற்களும் கீழ் பற்களும் சேரும் உயரத்தை, ஒரேயடியாக உயர்த்த வேண்டும். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஃபிரான்செஸ்கா வைலாட்டியும் உர்ஸ் பெல்சரும் 2008-இல் வெளியிட்ட மூன்று படி முறை இதற்கான தெளிவான வழி. முதலில் முன்பற்களின் வெளிப்பக்கத்தில் தற்காலிக மாதிரி வைத்து, சிரிப்பும் பல் வரிசையும் எப்படி அமையும் என்று நோயாளியிடமே காட்டிச் சம்மதம் வாங்குவார்கள். இரண்டாவதாகக் கடைவாய்ப் பற்களின் மேல் காம்போசிட் வைத்துக் கடியை உயர்த்துவார்கள். அப்படிக் கிடைத்த இடத்தில், மூன்றாவதாக, முன்பற்களின் உட்பக்கத்தைக் கட்டுவார்கள்.

நேரடி காம்போசிட்

பல் நிறத்தில் இருக்கும் பிசின் இது, ஒளிபட்டு இறுகும். இதன் வேர் இரண்டு கண்டுபிடிப்புகளில் இருக்கிறது. 1955-இல் அமெரிக்காவில் பியூனோகோர், பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் தடவினால் நுண்ணிய துளைகள் உண்டாகி, பிசின் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். 1960-களின் தொடக்கத்தில் போவன் அதற்கேற்ற பிசினை உருவாக்கினார். பல்லைக் கரைப்பது எதுவோ அதன் உறவுக்காரப் பொருளைத்தான் நாங்கள் பல்லில் பிடிப்பு உண்டாக்கப் பயன்படுத்துகிறோம், அரை நிமிடத்துக்குள் கழுவிவிடுகிறோம்.

வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதன் வெற்றி பொருளைவிட செய்முறையில்தான் அதிகம் இருக்கிறது. முதலில் உங்கள் பல்லின் அச்சில் மெழுகு கொண்டு புதிய வடிவத்தை லேப்பில் செதுக்குவார்கள். அதன்மேல் ஒளி ஊடுருவும் சிலிகானில் அச்சு எடுப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் பற்களின் மேல் ரப்பர் திரை கட்டப்படும், எச்சில் ஒரு துளிகூடப் படக்கூடாது. பக்கத்துப் பல்லில் ஒட்டாமலிருக்க மெல்லிய டெஃப்ளான் நாடா சுற்றுவோம். நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு துகளை ஊதிப் பல்லைச் சுத்தம் செய்து, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் வைத்து, கழுவி, பசை தடவி, ஒளி காட்டுவோம். சூடாக்கி இளக்கிய காம்போசிட்டைச் சிலிகான் அச்சில் நிரப்பிப் பல்லின் மேல் அழுத்தினால், மெழுகில் செதுக்கிய அதே வடிவம் வாயில் வந்துவிடும். விளிம்பில் பிதுங்கியதை எடுத்து, கடி பார்த்து, பாலிஷ் செய்ய வேண்டும். பெரும்பாலும் ஊசிகூடத் தேவைப்படாது, ஏனென்றால் எதையும் வெட்டுவதில்லை.

இதன் பெரிய பலம், உடைந்தால் அதே இடத்தில் ஒட்டுப்போட முடியும் என்பது. ஐந்து வருடம் கழித்து நுனியில் ஒரு சில்லு போனால், அந்த இடத்தைச் சொரசொரப்பாக்கி, சிலேன் என்ற பிணைப்புத் திரவமும் பசையும் தடவி, புதிதாகச் சேர்த்தால் போதும். அரை மணி நேர வேலை. செலவும் மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு. பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்றால் எடுத்துவிட்டு வேறு வழிக்குப் போகலாம், அடியில் உங்கள் பல் அப்படியே இருக்கும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. டீ, காபி, மஞ்சள் எல்லாம் கறை பிடிக்கும், வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ் தேவைப்படும். இறுகும்போது கன அளவில் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். இரவில் பல் கடிப்பவர்களுக்குத் தேயும், சில்லு போகும். நேரமும் இழுக்கும், வாய் முழுக்க என்றால் நீண்ட அமர்வுகள் பல வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், செய்யும் கை. ரப்பர் திரை கட்டாமல் பஞ்சை அடக்கிவிட்டு அவசரமாகச் செய்தது ஒரு வருடத்தில் கழன்றால், அதற்குக் காம்போசிட்டைப் பழி சொல்லிப் பயனில்லை.

என்னைக் கேட்டால், உயிருள்ள பற்களும் கொஞ்சமாவது எனாமலும் மிச்சம் இருக்கும் ஒருவருக்கு, முதல் சுற்று இதுவாகவே இருக்க வேண்டும். இளம் வயது என்றால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். இருபத்தைந்து வயதில் தொடங்குகிறவருக்கு அந்தப் பல் இன்னும் ஐம்பது வருடம் உழைக்க வேண்டும். அதற்குள் எந்தப் பொருளும் சில முறை மாற்றப்படும். ஒவ்வொரு மாற்றத்திலும் பல் எவ்வளவு போகிறது என்பதுதான் கணக்கு.

லேப்பில் செய்து ஒட்டும் காம்போசிட், கலவைப் பொருட்கள்

இதே காம்போசிட்டை வெளியே வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்கினால் வலிமை கூடும், சுருக்கமும் வாய்க்கு வெளியிலேயே முடிந்துவிடும். இப்போது அப்படி இறுக்கிய கட்டிகளிலிருந்து கணினி எந்திரம் மெல்லிய தகடுகளைக் கடைந்து தருகிறது. கடைவாய்ப் பற்களின் மேல் முழுப் பரப்பையும் வாய்க்குள் கையால் செதுக்குவது மருத்துவருக்கும் நோயாளிக்கும் களைப்பு. அந்த இடத்துக்கு இந்த வழி நல்லது. செராமிக் வலைப்பின்னலுக்குள் பிசினை ஊற வைத்த கலவையும் உண்டு. 2013-இல் வந்த வீட்டா எனாமிக்கில் எடையில் 86 சதவீதம் செராமிக். இவை செராமிக்கைவிட வளைந்து கொடுக்கும், எதிர்ப்பல்லையும் அவ்வளவாகத் தேய்க்காது.

ஆனால் ஒட்டும் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 3எம் நிறுவனத்தின் லாவா அல்டிமேட் என்ற பிசின் கட்டி, முழு கேப்பாகச் செய்தபோது எதிர்பார்த்ததைவிட அதிகம் கழன்றதால், 2015-இல் அந்த நிறுவனமே கேப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. மேற்பரப்புத் தகடாகப் பயன்படுத்துவதற்கு அந்தத் தடை இல்லை. ஒரே பொருள் ஒரு வடிவத்தில் நிற்கிறது, வேறு வடிவத்தில் நிற்கவில்லை. "லேட்டஸ்ட் மெட்டீரியல்" என்று யாராவது சொன்னால், எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

லித்தியம் டைசிலிகேட் செராமிக்

இமேக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது இதுதான். வளைவு வலிமை (வளைத்தால் உடையாமல் தாங்கும் அளவு) 400 மெகாபாஸ்கல் சுற்றுவட்டாரத்தில், சாதாரண காம்போசிட்டைவிட இரண்டு மூன்று மடங்கு. கறை பிடிக்காது, எளிதில் தேயாது, வெளிச்சம் பட்டால் இயற்கைப் பல் மாதிரியே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உட்பக்கத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் பொறித்து, சிலேன் தடவி எனாமலோடு ஒட்டினால் பல்லும் செராமிக்கும் ஒரே உடலாகிவிடும். தனியாகக் கையில் எடுத்தால் உடையக்கூடிய ஒரு மில்லிமீட்டர் தகடு, எனாமலில் ஒட்டிய பிறகு வருடக்கணக்காக மெல்லும் வேலையைத் தாங்குகிறது.

இதை முழு கேப்பாகச் செய்யத் தேவையில்லை. கடைவாய்ப் பல்லின் மேற்பரப்புக்கு மட்டும் ஒரு மெல்லிய மூடி, முன்பல்லின் வெளிப்பக்கத்துக்கு வெனீர் என்ற மெல்லிய தகடு போதும். கடியை உயர்த்தி இடம் கிடைத்துவிட்டால், கூர்மையான ஓரங்களை மட்டும் மழுக்கிவிட்டு அச்சு எடுக்கலாம். டென்டின் வெளியே தெரிந்தால் அச்சு எடுப்பதற்கு முன்பே அதன் மேல் பசையைப் பூசி இறுக்கிவிட வேண்டும். பல் மருத்துவ ஆய்வாளர் பாஸ்கல் மான்யே வலியுறுத்திப் பரப்பிய இந்தப் பழக்கம், கூச்சத்தையும் குறைக்கும், பிடிப்பையும் கூட்டும்.

தொல்லை எங்கே வரும்? செலவு பல மடங்கு. உடைந்தால் பெரும்பாலும் மொத்தமாக அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஆபத்தானது என்பதால் வாய்க்குள் ஒட்டுப்போடுவது சுலபமில்லை. அறுக்கும்போது அடியில் இருக்கும் எனாமலும் கொஞ்சம் போகும். இன்னொன்று, எனாமல் மிகக் குறைவாக இருந்து வெறும் டென்டினில் ஒட்ட வேண்டி வந்தால் நம்பிக்கை குறைகிறது. டென்டினோடு உண்டாகும் பிடிப்பு நாளாக நாளாகத் தளரும் தன்மை கொண்டது, அதிலும் நாள்பட்டுக் கரைந்து பளபளப்பாகக் கெட்டிப்பட்ட டென்டினில் பசை சரியாக இறங்குவதில்லை.

ஆகவே செராமிக்கை அவசர அவசரமாக முதல் நாளே ஒட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். காம்போசிட்டில் புதிய கடியை வைத்து, சில மாதங்கள் அல்லது சில வருடங்கள் பார்த்து, வயிற்று அமிலம் உண்மையிலேயே அடங்கிவிட்டதா, தாடை மூட்டு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்த பிறகு, தேவையான பற்களுக்கு மட்டும் செராமிக்குக்கு மாறலாம். முன்பற்களுக்கு ஜெனீவா முறையில் ஒரு அழகான தீர்வு உண்டு. கண்ணுக்குத் தெரியாத உட்பக்கம் காம்போசிட், சிரித்தால் தெரியும் வெளிப்பக்கம் செராமிக் வெனீர், நடுவே உங்கள் சொந்தப் பல். வெனீரும் உட்பக்கத் தகடும் தனித்தனியாக இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும்.

முழு கேப்

2002-இல் எடெல்ஹாஃபும் சோரென்சனும் வெளியிட்ட ஒரு ஆய்வு, வெவ்வேறு வேலைகளுக்காகப் பல்லை எவ்வளவு செதுக்குகிறோம் என்று எடை போட்டுப் பார்த்தது. முழு கேப்புக்கு, ஈறுக்கு மேல் தெரியும் பல்லில் 63 முதல் 72 சதவீதம் வரை போகிறது. வெனீருக்கு, அதன் வடிவத்தைப் பொறுத்து, 3 முதல் 30 சதவீதம். கரையாத முழுப் பல்லுக்கே இந்தக் கணக்கு. ஏற்கெனவே கரைந்த பல்லில் எதை எடுப்பது?

செதுக்கும்போது உண்டாகும் சூடும் அதிர்வும் உள்ளே இருக்கும் நரம்பைப் பாதிக்கும். உயிருள்ள பல்லில் கேப் போட்ட பிறகு, சில வருடங்களில் ஒரு பகுதிக்கு ரூட் கேனால் தேவைப்படுவது பல் மருத்துவத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேப் போட்டுவிட்டால் பின்வாங்க வழியும் இல்லை.

இருந்தாலும் கேப்பே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ரூட் கேனால் செய்து சுவர் உடைந்த கடைவாய்ப் பல், பெரிய பழைய அடைப்புகளால் சுற்றிலும் பலவீனமான பல், பழைய கேப்பை மாற்றவேண்டிய பல், ஈறுக்குக் கீழே போய்விட்டதால் எச்சிலைத் தடுக்க முடியாத விளிம்பு, இந்த இடங்களில் கேப் நியாயமானது. அங்கே ஸிர்கோனியா என்ற மிக வலிமையான செராமிக் நல்ல தேர்வு. 900 மெகாபாஸ்கலுக்கு மேல் வலிமை கொண்ட ரகங்கள் இருக்கின்றன, மெல்லியதாகவும் செய்யலாம். ஆனால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஸிர்கோனியாவைப் பொறிக்காது, துகள் ஊதி, எம்டிபி என்ற மூலப்பொருள் உள்ள பசை கொண்டுதான் ஒட்ட வேண்டும். கடி சரிசெய்தபோது சொரசொரப்பாக விட்டுவிட்டால் எதிர்ப்பல்லை அரம் போல ராவிவிடும், பாலிஷ் செய்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வாயில் இரண்டு பல்லுக்குக் கேப்பும் மற்ற பற்களுக்குக் காம்போசிட்டும் என்பது சரியான திட்டம்தான். இருபத்தெட்டுப் பல்லுக்கும் ஒரே வைத்தியம் எழுதிய சீட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருள் பற்றியும் கேட்பார்கள், விலை குறைவு என்பதால். அது தானே அமிலத்தில் கரையும் பொருள். கூச்சத்துக்குத் தற்காலிகமாக வைக்கலாம், நிரந்தரக் கட்டுமானத்துக்கு வேண்டாம்.

யாருக்கு எது

இருபதுகளில், முப்பதுகளில் இருப்பவர், நெஞ்செரிச்சலால் மேல் முன்பற்களின் உட்பக்கம் மட்டும் கரைந்திருக்கிறது என்றால், டால் வழியில் உட்பக்கக் காம்போசிட் போதும். வெளிப்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

வாய் முழுக்கக் கரைந்திருக்கிறது, ஆனால் பற்கள் உயிரோடு இருக்கின்றன, கையிருப்பு அதிகம் இல்லை என்றால், கடியை உயர்த்தி முழுவதும் நேரடி காம்போசிட் போடலாம். அவ்வப்போது மராமத்துக்கு வர வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே ஏற்றுக்கொள்ளுங்கள். அதே வாய், செலவு செய்ய முடியும், வருடாவருடம் பாலிஷுக்கு வந்துகொண்டிருக்க முடியாது, வெளிநாட்டில் வேலை என்றால், கடைவாயில் செராமிக் மூடிகளும் முன்பக்கம் உள்ளே காம்போசிட், வெளியே வெனீர் என்ற இரட்டைத் தகடு முறையும் பொருந்தும். அதுவும் சோதனைக் காலம் முடிந்த பிறகு.

ஐம்பதைத் தாண்டியவர், அரிப்போடு இரவில் பல் கடிப்பதும் உண்டு, பல பற்களில் பழைய அடைப்புகள் என்றால் முடிவு அவ்வளவு சுலபமில்லை. கடைவாயில் வலிமையான செராமிக் அல்லது சில இடங்களில் ஸிர்கோனியா, முன்பக்கம் காம்போசிட், எல்லாம் முடிந்ததும் இரவில் மாட்டிக்கொள்ள நைட் கார்டு என்று கலந்து போவேன். வாந்தி இன்னும் நிற்காதவருக்கு, கூச்சமும் உடைவதும் தாங்க முடியாத இடங்களில் மட்டும் காம்போசிட் பூசிப் பாதுகாத்துவிட்டு, மனநல சிகிச்சைக்கு நேரம் கொடுக்க வேண்டும். அவர்களிடம் இப்போதே பெரிய செலவுத் திட்டத்தை நீட்டுவது தவறு.

மருத்துவரிடம் என்ன கேட்பது

கூச்சப்படாமல் கேளுங்கள். இந்தத் திட்டத்தில் என் பல்லிலிருந்து எவ்வளவு செதுக்கப் போகிறீர்கள்? எந்தப் பல்லுக்காவது கேப் நிற்பதற்காக மட்டும் ரூட் கேனால் செய்யப் போகிறீர்களா? கடியை உயர்த்த முடியாதா? வேலை தொடங்குமுன் என் வாயிலேயே மாதிரி வைத்துக் காட்டுவீர்களா? ரப்பர் திரை கட்டுவீர்களா? உடைந்தால் ஒட்டுப்போடலாமா, முழுதாக மாற்ற வேண்டுமா? இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறவரிடம், கொஞ்சம் தூரமாக இருந்தாலும், போகலாம். கரைவதற்கான காரணத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் நேராகப் பொருளின் பெயரையும் விலையையும் சொல்கிறவரிடம் இரண்டாவது கருத்து வாங்காமல் தலையாட்ட வேண்டாம்.

வேலை முடிந்ததும் மெழுகு மாதிரியின் அச்சு, சிலிகான் வார்ப்பு, எந்தப் பல்லில் என்ன பொருள், என்ன நிற எண், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்திருந்தால் அந்தக் கோப்பையும் வாங்கி மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். நாளை ஊர் மாறி வேறு மருத்துவரிடம் ஒரு சில்லு உடைந்து போய் நிற்கும்போது, என்ன பொருள் என்று அறுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வராது. பழைய அச்சைப் பார்த்து, உடைந்த இடத்தை மட்டும் கட்டி அனுப்பிவிடுவார்.